பலகையைப் பார்த்து ஏறு, டிக்கெட் அப்புறம்

பாப்பா, நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு நீ போன் பண்ணி அழாத குறையா பேசினதை அம்மா பக்கத்துல படுத்தபடியே கேட்டிருக்காங்க. காலையில காபி ஆத்திக்கிட்டே, "காலேஜ்ல அவளை யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாடி?"ன்னு விசாரிச்சாங்க. "யாரும் ஒண்ணும் சொல்லலைம்மா, கம்பைலர்தான் திட்டுச்சு"ன்னேன். "அவன் யாரு?"ன்னாங்க. நான் சிரிச்சதுல இன்னும் சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு.

லீவுக்கு சேதராப்பட்டு வந்த இடத்துல உட்கார்ந்து இதை எழுதறேன். போன்ல அவசரத்துல பாதிதான் சொன்னேன். ஹாஸ்கெல்ல டைப் கிளாஸுக்கு இன்ஸ்டன்ஸ் எழுதறது உனக்கு வருது. கண்டிஷன் போட்டு எழுதும்போதுதான் வழுக்குது. அந்த ஒரு இடத்தை மட்டும் பிடிச்சுக்கலாம். ஹாஸ்கெல் பாடத்துக்கு என்.பி.டி.இ.எல்.ல மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்தினது இருக்கு, சிறுசேரியில இருக்கிற சென்னை மேத்தமெட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்காரங்க. நானும் அதுல படிச்சவதான். அதுக்கு மேல நான் வேலையில அடிபட்டுக் கத்துக்கிட்டது இது.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். கோடு எல்லாத்தையும் தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். மெஷின்ல அப்படியே தட்டாதே. ஹாஸ்கெல்ல டைப் பெயரும் கிளாஸ் பெயரும் கேபிடல் எழுத்துல ஆரம்பிச்சாகணும், நம்ம எழுத்துல கேபிடல் ஏது? இங்கிலீஷ் எழுத்துக்கு மாத்திக்கோ.

அம்மா வேலை செய்யற பேக்கிங் செக்‌ஷனை நினைச்சுக்கோ. பிப்டிக் எஸ்டேட்டுக்குள்ள சின்ன வயசுல நாம கேட் வரைக்கும் போய் நின்னிருக்கோமே, அதேதான். சோப்புக்கு ஒரு லேபிள். சோப்பை வச்ச இன்னர் பாக்ஸுக்கு ஒரு லேபிள். இன்னர் பாக்ஸ்களை அடுக்கின மாஸ்டர் கார்ட்டனுக்கு ஒரு லேபிள். பெட்டி மேல என்ன ஒட்டணும்னு தெரியணும்னா உள்ள இருக்கிற பொருளுக்கு லேபிள் இருக்கணும். லேபிளே இல்லாத பொருளைப் பெட்டிக்குள்ள போட்டா சூப்பர்வைசர் லைனை நிறுத்திடுவார்.

இதை ஹாஸ்கெல்ல சொன்னா, லேபிள்னு ஒரு கிளாஸ், அதுல ஒட்டுன்னு ஒரு மெத்தட், பெட்டின்னு ஒரு டைப்:

இன்ஸ்டன்ஸ் லேபிள் ஏ => லேபிள் (பெட்டி ஏ) வேர்
    ஒட்டு (பெட்டி எக்ஸ்) = "பெட்டி: " ++ ஒட்டு எக்ஸ்

வலது பக்கம் இருக்கிற ஒட்டு எக்ஸ் எந்த டைப்போட ஒட்டு? உள்ள இருக்கிற ஏ-யோடது. அதனாலதான் மேல் வரியில, அம்புக்கு இடது பக்கம் லேபிள் ஏ கேட்கிறோம். அந்தக் கண்டிஷனை அழிச்சுப் பாரு. ஏ-க்கு லேபிள் இன்ஸ்டன்ஸ் இல்லை, ஒட்டுங்கிறதைப் பயன்படுத்தின இடத்துல தேவைப்படுது, வேணும்னா இன்ஸ்டன்ஸ் தலைப்புல சேர்த்துக்கோன்னு ஜி.எச்.சி. கம்பைலர் அதுவாவே சொல்லும். நான் புதுசா இன்ஸ்டன்ஸ் எழுதும்போது இன்னைக்கும் இப்படித்தான் செய்யறேன். முதல்ல கண்டிஷனே இல்லாம எழுதுவேன், அது எதைக் கேட்குதோ அதை மட்டும் சேர்ப்பேன். முன்கூட்டியே ஷோ, ஈக்யூ, ஆர்ட்னு சாமி படம் மாட்டற மாதிரி வரிசையா மாட்டி வைக்காதே.

பெட்டிக்குள்ள பெட்டி வச்சா? தனியா எழுத வேண்டியதே இல்லை. பெட்டி (பெட்டி சோப்பு)-க்கு லேபிள் வேணும்னா, பெட்டி சோப்புக்கு வேணும், அதுக்கு சோப்புக்கு வேணும், சோப்புக்கு இருக்கு. கம்பைலர் இப்படியே இறங்கிப் போய் முடிச்சிடும். இந்த ஒரே இன்ஸ்டன்ஸ் எத்தனை அடுக்குக்கும் போதும்.

உள்ள நடக்கிறது இதுதான். பிலிப் வாட்லரும் ஸ்டீபன் ப்ளாட்டும் 1989-ல டைப் கிளாஸை முன்வச்ச கட்டுரையிலேயே இது இருக்கு. ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் ஒரு அகராதி, அதாவது மெத்தட்களோட ஒரு தொகுப்பு. கண்டிஷன் இல்லாத இன்ஸ்டன்ஸ் தயாரான அகராதி. கண்டிஷன் இருக்கிற இன்ஸ்டன்ஸ் ஒரு ஃபங்ஷன்: ஏ-யோட அகராதியைக் கொடு, பெட்டி ஏ-யோட அகராதியைத் தரேன். அம்பு போட்டிருக்கிறது சும்மா அழகுக்கு இல்லைன்னு இதுல தெரியும்.

இப்போ உன் நேத்து ராத்திரி கதைக்கு வரேன். நீ எழுதியிருந்தது இது:

இன்ஸ்டன்ஸ் நம் ஏ => லேபிள் ஏ
இன்ஸ்டன்ஸ் ஷோ ஏ => லேபிள் ஏ

எண்ணா இருந்தா முதலாவது, மத்ததுக்கெல்லாம் ரெண்டாவதுன்னு உன் கணக்கு. ஒரே இன்ஸ்டன்ஸை ரெண்டு தடவை எழுதியிருக்கேன்னு ஜி.எச்.சி. சொல்லிச்சு. "ரெண்டும் வேற வேறதானேக்கா!"ன்னு கத்தினே. உன் கண்ணுக்கு வேற, அது கண்ணுக்கு ஒண்ணு. ஏன்னு நம்ம பஸ் ஸ்டாப்பை வச்சு சொல்றேன்.

மயிலம் ரோட்டுல நிக்கறே. பஸ் வருது. நீ பார்க்கிறது முன்னாடி இருக்கிற பலகையை மட்டும்தான். பாண்டின்னு போட்டிருந்தா ஏறிடுவே. ஏறின பிறகுதான் கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்பார். காசு இல்லைன்னா இறக்கி விடுவார். "பரவாயில்லைம்மா, பின்னாடி இன்னொரு பாண்டி பஸ் வருது, அதுல காசு கேட்க மாட்டாங்க, மாறிக்கோ"ன்னு எந்தக் கண்டக்டரும் சொல்ல மாட்டார்.

அம்புக்கு வலது பக்கம் இருக்கிறது பலகை. இடது பக்கம் இருக்கிறது டிக்கெட். கம்பைலர் பலகையை மட்டும் பார்த்து இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த பிறகுதான் கண்டிஷனைக் கேட்கும். இல்லைன்னா எரர். திரும்பி வந்து வேற இன்ஸ்டன்ஸ் தேடாது. நீ எழுதின ரெண்டுக்கும் பலகை ஒண்ணுதான், லேபிள் ஏ. ஒரே பலகையோட ரெண்டு பஸ் ஓட விட மாட்டேன்னு அது சொல்றது நியாயம்தானே?

அப்புறம் ரெண்டாவதை அழிச்சிட்டு ஒட்டு ட்ரூன்னு போட்டே. பூலுக்கு நம் இன்ஸ்டன்ஸ் இல்லைன்னு வந்துது. "நான் எங்கக்கா பூலைக் கூட்டிக் கழிக்கச் சொன்னேன்?"ன்னு கேட்டே. லேபிள் ஏங்கிற பலகை உலகத்துல இருக்கிற எல்லா டைப்பையும் ஏத்திக்கும், பூலையும்தான். ஏத்திக்கிட்டு, எடு நம் டிக்கெட்டைன்னு கேட்டிருக்கு.

இதுக்கு முன்னாடியே ஒரு எச்சரிக்கை மணி அடிச்சிருக்கும், நீ கவனிக்கலை. இப்படி வெறும் ஏ-யை வலது பக்கம் வச்சா அன்டிசைடபிள் இன்ஸ்டன்ஸஸ்ங்கிற எக்ஸ்டென்ஷனைப் போடச் சொல்லும். நீயும் சொன்ன சொல் தட்டாத பிள்ளையா போட்டுட்டே. ஜி.எச்.சி. அந்தப் பெயரைச் சொன்னா கையைக் கீபோர்டுலேர்ந்து எடுத்துடு. நியாயமான காரணத்துக்கு அது வேண்டியிருக்கும் நேரமும் உண்டு. ஆனா கத்துக்கிற காலத்துல பத்துக்கு ஒன்பது தடவை, கண்டிஷனை வச்சுத் தரம் பிரிக்கப் பார்க்கிறேன்னுதான் அதுக்கு அர்த்தம்.

சரி, என்ன செய்யணும்? இன்டுக்கு ஒரு இன்ஸ்டன்ஸ், டபுளுக்கு ஒண்ணு, பூலுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரே வரி. பொதுவான வேலையை எண்லேபிள்னு ஒரு சாதாரண ஃபங்ஷன்ல எழுதி, இன்டும் டபுளும் அதையே கூப்பிடட்டும். சலிப்பாத்தான் இருக்கும், ஆனா படிக்கிறவங்களுக்கு எந்த டைப்புக்கு என்ன வரும்னு பட்டுன்னு தெரியும். நிறைய டைப் இருந்தா நியூடைப் போட்டு எண் ஏன்னு ஒரு உறை செஞ்சுக்கோ; லேபிள் (எண் ஏ)ங்கிறது தனிப் பலகை, யாரோடயும் மோதாது. ஓவர்லாப்பிங்னு குறிப்பு போட்டு ஒரு இன்ஸ்டன்ஸை இன்னொண்ணு மேல ஏத்தற வழியும் இருக்கு. எனக்கு அது பிடிக்காது. டைப் தெரிஞ்ச இடத்துல ஓடும். டைப் இன்னும் முடிவாகாத பொது ஃபங்ஷனுக்குள்ள போனா எந்த இன்ஸ்டன்ஸ்னு தெரியாம முழிக்கும்.

இதே சிக்கல் ஹாஸ்கெலை உருவாக்கினவங்களுக்கும் வந்திருக்கு, அவங்க எப்படித் தப்பிச்சாங்கன்னு பாரு. ஸ்ட்ரிங்ங்கிறது கேரக்டர்களோட லிஸ்ட். லிஸ்டை ஷோ பண்ணா சதுர அடைப்பு, நடுவுல கமா. ஸ்ட்ரிங்கை மட்டும் மேற்கோள் குறிக்குள்ள காட்டணும். லிஸ்டோட பலகை ஒண்ணுதான், ஏ கேரக்டரா இருந்தா வேற மாதிரின்னு கண்டிஷன்ல சொல்ல வழியில்லை. அதனால முடிவை உள்ள இருக்கிற பொருள் கையிலேயே கொடுத்துட்டாங்க. ஷோ கிளாஸ்ல ஷோலிஸ்ட்னு இன்னொரு மெத்தட் வச்சாங்க. லிஸ்டோட ஷோ, உள்ள இருக்கிற டைப்பைப் பார்த்து, உங்க ஆளுங்களை வரிசையா நிக்க வச்சா எப்படிக் காட்டணும்னு கேட்கும். மத்த டைப்பெல்லாம் வழக்கமான பதிலைத் தரும், கேரக்டர் மட்டும் மேற்கோள் குறி போடும். உன் லேபிள் கிளாஸுக்கும் இந்த வித்தை அப்படியே ஒத்துவரும்.

ஷோ பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், எதிலும் சேராத டிப்ஸ். ஜி.எச்.சி.ஐ.ல "வில்லியனூர்"னு தமிழ்ல தட்டிப் பார்த்துட்டு, \2997\3007\2994-ன்னு எண்ணா வருதேன்னு பயந்துடாதே. எதுவும் கெட்டுப்போகலை. ஆஸ்கிக்கு வெளியே இருக்கிற எழுத்தையெல்லாம் ஷோ எண்ணாத்தான் காட்டும். புட்ஸ்ட்ரிங்எல்என் போட்டா எழுத்தாவே வரும். லேபிள்னு தனிக் கிளாஸ் வச்சுக்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். ஷோ புரோகிராமருக்கு, ஒட்டு, பெட்டியைத் தூக்கறவங்களுக்கு.

அடுத்தது, அளவோட கேட்கிறது. நீ கண்டிஷன் போட்டா அதுக்குக் காசு கட்டறது நீ இல்லை, உன் டைப்பைப் பயன்படுத்தறவங்க. தேவைக்கு மேல கேட்டா தேவையில்லாம ஒருத்தர் பஸ்ஸை விட்டு இறங்குவார். இதுல பெரியவங்களே சறுக்கியிருக்காங்க. மேபியோட மோனாய்டு இன்ஸ்டன்ஸ் ரொம்ப வருஷம் உள்ள இருக்கிறதும் மோனாய்டா இருக்கணும்னு கேட்டுக்கிட்டிருந்துச்சு. யோசிச்சுப் பாரு. மோனாய்டுன்னா ரெண்டைச் சேர்க்கத் தெரியணும், காலியா ஒரு மதிப்பும் இருக்கணும். மேபிக்குக் காலி மதிப்பு ஏற்கெனவே இருக்கு, நத்திங். உள்ள இருக்கிறதுகிட்ட இன்னொரு காலி மதிப்பு எதுக்கு? சேர்க்கத் தெரிஞ்சா போதும், அதாவது செமிகுரூப் போதும். செமிகுரூப்பை மோனாய்டுக்கு மேல்கிளாஸா வச்ச ஜி.எச்.சி. 8.4-ல, 2018-லதான், இந்தக் கண்டிஷன் குறைஞ்சுது.

அதனால என்ன லாபம்? இன்னைக்குப் போன பெட்டிகள்ல அதிக எடை எதுன்னு கேட்கிறாங்கன்னு வை. எடையை இன்டிஜர்ல வச்சிருக்கே. மேக்ஸ் இன்டிஜர் செமிகுரூப்தான், மோனாய்டு இல்லை, ஏன்னா இன்டிஜருக்குக் கீழ் எல்லையே கிடையாது, காலிக்கு எதை வைப்பே? பழைய கண்டிஷன்ல மேபி போட்டாலும் ஆகாது. இப்போ மேபி (மேக்ஸ் இன்டிஜர்) ஒழுங்கான மோனாய்டு. பெட்டியே போகாத நாளுக்கு நத்திங் வரும். கவர்மென்ட் லீவன்னைக்கு ரிப்போர்ட் புரோகிராம் விழாது.

செட்டை ஏன் ஃபங்க்டரா எழுத முடியலைன்னு கேட்டே. அது உன் தப்பு இல்லை, யாராலும் முடியாது. ஃபங்க்டர் இன்ஸ்டன்ஸ்ல பலகையில பெட்டின்னு மட்டும்தான் எழுதுவோம், ஏ கிடையாது. உள்ள எதை வேணும்னாலும் போட்டு மாத்தலாம்ங்கிறது ஃபங்க்டரோட வாக்கு. செட் உள்ளுக்குள்ள வரிசைப்படுத்தின மரம். புதுசா வர்ற பொருளுக்கு ஆர்ட் இருக்கணும். அந்தக் கண்டிஷனை எழுத இடமே இல்லை, ஏ-ங்கிற பெயரே அங்க வரலையே! அதனாலதான் செட்டுக்குத் தனியா ஒரு மேப் ஃபங்ஷன் வச்சு, அதுல ஆர்டைக் கேட்கிறாங்க. ஃபோல்டபிள் மட்டும் செட்டுக்கு உண்டு, அது எதையும் புதுசா உள்ள போடறதில்லை, எடுத்துப் படிக்கிறதோட சரி.

டேட்டா வரியிலேயே கண்டிஷன் போடலாமான்னா, போடாதே. முன்னாடி இருந்த வசதி, இப்போ ஜி.எச்.சி.ல தனியா கேட்டு வாங்கினாத்தான் கிடைக்கும். வாங்கியும் பிரயோஜனம் இல்லை, அந்தக் கண்டிஷனை ஒவ்வொரு ஃபங்ஷன்லயும் திரும்ப எழுதத்தான் வேணும்.

டிரைவிங் போட்டா இந்தக் கண்டிஷன் எல்லாம் தானா வருமேன்னு கேட்பே. வரும், முடிஞ்ச இடத்துல அதையே போடு. மேலே இருக்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டு போட்டா, அது மாட்டேன்னு சொல்ற அன்னைக்கு எதுக்கு சொல்லுதுன்னு புரியும்.

இதெல்லாம் படிச்சு எங்க வேலை கிடைக்கப்போகுதுன்னு மாமா கேட்டாராமே. அவருக்கு இதைச் சொல்லு. 1990-ல வந்த முதல் ஹாஸ்கெல் அறிக்கையோட கமிட்டியில எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆர்விந்தும் ரிஷியூர் நிகிலும் இருந்தாங்க. 2003-ல தொடங்கின ப்ளூஸ்பெக் கம்பெனிக்குப் பின்னாலயும் அவங்க ரெண்டு பேரும் இருந்தாங்க. ப்ளூஸ்பெக் சிப் வடிவமைக்கிற மொழி, ஆனா டைப் சிஸ்டம் ஹாஸ்கெல் ரத்தம். அதோட கம்பைலரையே ஹாஸ்கெல்லதான் எழுதியிருக்காங்க, 2020-லேர்ந்து அது ஓப்பன் சோர்ஸ். சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் காமகோடி குழு செஞ்ச சக்தி ப்ராசஸர் எழுதினது ப்ளூஸ்பெக்லதான். அதோட கோடும் திறந்தே கிடக்கு, போய்ப் படி. பக்கத்துக்குப் பக்கம் கண்டிஷன் இருக்கும். அங்க அதுக்குப் பேர் ப்ரொவைசோ, பத்திரத்துல எழுதற ஷரத்துதான். என் சோறும் இப்போ ப்ளூஸ்பெக்லதான்.

சிப்புல எல்லாத்துக்கும் கம்பி எண்ணிக்கை தெரியணும். எந்த டைப்பையும் ரெஜிஸ்டர்ல வைக்கணும்னா அது எத்தனை பிட்னு சொல்ற பிட்ஸ் கிளாஸ்ல இருந்தாகணும். நம்ம பெட்டியில உள்ள பொருள் இருக்கா இல்லையான்னு ஒரு பிட் சேர்த்துக்கிட்டா, அதை இப்படி எழுதுவோம்:

இன்ஸ்டன்ஸ் பிட்ஸ்#(பெட்டி#(டி), எம்)
    ப்ரொவைசோஸ் (பிட்ஸ்#(டி, என்), ஆட்#(1, என், எம்))

உள்ள இருக்கிறதுக்கு என் பிட். ஒண்ணும் என்னும் சேர்ந்தா எம். பெட்டிக்கு எம் பிட். எட்டு பிட்டை உள்ள வச்சா ஒன்பது. கூட்டல் கணக்கே ஒரு கண்டிஷன், பார்த்தியா?

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். எட்டு பிட் எண்ணை என் பிட்டுக்கு நீட்டற ஒரு மாட்யூல். கம்பைலர் உன் ஷரத்து போதாது, இன்னும் இது வேணும்னு ஆட்#(ஏ__, 8, என்)னு ஒரு வரி காட்டுச்சு. அந்த ஏ__ நான் வச்ச பெயரே இல்லை, கம்பைலர் அதுவா வச்சுக்கிட்டது. புரியாமலே காப்பி பண்ணி ஒட்டினேன். எரர் போச்சு, சந்தோஷமா வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வேற டீம்ல ஒரு அண்ணன் என் மாட்யூலை நாலு பிட்ல கூப்பிட்டிருக்கார். அவர் ஃபைல்ல எரர். பாதி நாள் தன் கோடுலயே தேடியிருக்கார். அந்த வரியோட அர்த்தம் இவ்வளவுதான்: ஏதோ ஒண்ணோட எட்டைக் கூட்டினா என் வரணும், அதாவது என் எட்டுக்குக் குறையக் கூடாது. நான் டிக்கெட் விலையைப் பலகை மேல எழுதாம விட்டுட்டேன், அவர் ஏறி மாட்டிக்கிட்டார். அதுலேர்ந்து இப்படி ஒரு ஷரத்து சேர்த்தா, மேல ஒரு கமென்ட் எழுதாம நான் கமிட் பண்றதில்லை: என் எட்டோ அதுக்கு மேலயோ, ஏன்னா இன்ன வரியில நீட்டறோம்.

இப்போ லேப்டாப்பைத் திற. அந்த நம் ஏ வரியை அழி, மேல போட்ட அன்டிசைடபிளையும் எடு. இன்டுக்கு ஒண்ணு, டபுளுக்கு ஒண்ணு, பூலுக்கு ஒண்ணு எழுதி ஓட்டிப் பாரு. ஓடினதும் எனக்குச் சொல்லாட்டியும் பரவாயில்லை, அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, அந்தக் கம்பைலர் பையன் இப்போ ஒண்ணும் சொல்றதில்லைன்னு சொல்லிடு.